சிவப்புத் துணி கட்டிய வீடுகள்: சமோவாவில் தட்டம்மை, 2019

தட்டம்மைத் தடுப்பூசி மருந்து குப்பியில் நீராக வருவதில்லை. உறையவைத்து உலர்த்திய தூளாக வரும். அதைக் கரைப்பதற்கான தண்ணீர் தனிக் குப்பியில் இருக்கும். நர்ஸ் அந்தத் தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து, தூள் இருக்கும் குப்பிக்குள் விட்டு, மெல்லச் சுழற்றிக் கரைத்து, பிறகுதான் குழந்தைக்குப் போடுவார். கரைத்த மருந்தை ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். உலகம் முழுக்க ஆண்டுதோறும் கோடிக்கணக்கான முறை நடக்கிற வேலை இது. ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு: இரண்டாவது குப்பியில் இருப்பது தண்ணீர்தானா?

2018 ஜூலை 6 அன்று அது தண்ணீராக இல்லை.

இடம், பசிபிக் கடலில் உள்ள சமோவா. இரண்டு பெரிய தீவுகள், சுமார் 2 லட்சம் மக்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகரத்தின் ஜனத்தொகைதான் அந்த நாடு மொத்தமும். தலைநகர் ஆப்பியா உப்போலு தீவில் இருக்கிறது. மற்றொரு தீவான சவாயி பரப்பில் பெரியது, ஆட்கள் குறைவு. அந்த சவாயியின் வடகரையில் உள்ள சஃபோட்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசிக்காக அன்று இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டுக்கும் ஒரு வயது. சில மணி நேர இடைவெளியில் இரண்டும் இறந்துபோயின.

தண்ணீருக்குப் பதிலாகக் கலக்கப்பட்டது அட்ராகியூரியம் என்ற மருந்து. அதுவும் காலாவதியானது. அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் தசைகளைத் தளர்த்துவதற்காக மயக்க மருந்து நிபுணர்கள் பயன்படுத்துவது அது. மூச்சுவிடும் தசைகளும் அதில் அடங்கும் என்பதால், அதைப் போட்டவருக்கு வென்டிலேட்டர் வழியாகத்தான் மூச்சு கொடுப்பார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு, பக்கத்தில் அப்படி எந்தக் கருவியும் இல்லாத இடத்தில், அதைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதே மருந்து, இதே குழப்பம், நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு இடத்தில் நடந்திருக்கிறது. 2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில், போருக்கு நடுவே நடந்த தட்டம்மை ஊசி முகாமில் 15 குழந்தைகள் இறந்தன. அங்கேயும் கரைக்கும் தண்ணீரின் இடத்தில் அட்ராகியூரியம். காரணம் சில நாட்களிலேயே வெளியே சொல்லப்பட்டது. தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியில் வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது என்ற விதி அதற்கு முன்பே உலகம் முழுக்க உண்டு. ஆகவே சஃபோட்டுவில் நடந்ததை யாரும் எதிர்பார்க்க முடியாத விபத்து என்று சொல்ல முடியாது. அந்த ஊசிப்பணியில் இருந்த இரண்டு நர்ஸுகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 2019 ஆகஸ்ட் 2 அன்று ஐந்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். ஆனால் தசையைத் தளர்த்தும் மருந்து ஊசி மேசைக்குக் கை எட்டும் தூரத்தில் எப்படி வந்தது என்ற கேள்வி அந்த இரண்டு பேரோடு முடிந்துவிடாது.

பத்து மாதம்

குழந்தைகள் இறந்தவுடன் அரசாங்கம் எம்எம்ஆர் ஊசியை நாடு முழுக்க நிறுத்தியது. கையிருப்பைத் திரும்பப் பெற்றது. பிரதமர் துய்லாயெபா சைலேலே மலியெலெகாவோய் விசாரணைக்கு உத்தரவிட்டார். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்தே கெட்டுப்போனதா, கலந்தவர்கள் பிழையா என்று தெரியாத முதல் நாட்களில் எந்த நாடும் இதைத்தான் செய்திருக்கும்.

குறை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. நாட்கணக்கில் முடிந்திருக்க வேண்டிய நிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. 2019 ஏப்ரல் வாக்கில்தான் ஊசி மெல்ல மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. கிட்டத்தட்ட பத்து மாதம்!

இந்தப் பத்து மாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமோவாவில் ஆண்டுக்குச் சுமார் 5,000 குழந்தைகள் பிறக்கின்றன. அங்கே எம்எம்ஆர் முதல் தவணை ஒரு வயதில். அப்படியானால் அந்த இடைவெளியில் மட்டும் ஏறக்குறைய 4,000 குழந்தைகள் தங்கள் முதல் பிறந்தநாளைத் தாண்டி, ஊசி இல்லாமல் நின்றன. இதற்கு முன்பே தவறவிட்ட குழந்தைகளின் கணக்கு தனி. 2017இல் முதல் தவணை போட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு 74 என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து போட்ட மதிப்பீடு. தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 95 வேண்டும். அதாவது விபத்துக்கு முன்பே வேலியில் ஓட்டை இருந்தது. 2018இல் அந்த எண் முப்பத்துச் சொச்சத்துக்கு விழுந்தது. சுற்றியிருந்த நவுரு, நியூவே, குக் தீவுகளில் அதே சமயம் 99 என்று இருந்தது.

ஒரு காலத்தில் சமோவா கிராமங்களில் பெண்கள் குழுக்கள்தான் நர்ஸை வரவேற்று, தாய்மார்களைத் திரட்டி, குழந்தைகளை எடைபோட்டு, வராதவர்களை வீட்டுக்கே போய்க் கூப்பிடும் வேலையைச் செய்தன. அந்த ஏற்பாடு நாளடைவில் தளர்ந்துவிட்டது. ஊருக்குள் நம்பிக்கையான ஒரு குரல் தேவைப்பட்ட நேரத்தில் அந்தக் குரல் அங்கே இல்லை.

ஊசி திரும்ப வந்தபோது தாய்மார்கள் வரவில்லை. ஏன் வரவேண்டும்? அவர்கள் கண்ணால் கண்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஊசி போட்டார்கள், இரண்டு பிள்ளைகள் செத்தன. அரசாங்கமே பயந்து ஊசியை நிறுத்தியது. பத்து மாதம் கழித்து, இப்போது பரவாயில்லை வாருங்கள் என்கிறது. நடந்தது மருந்தின் குற்றமில்லை, கலந்ததில் நேர்ந்த பிழை என்பது ஊருக்குத் தெளிவாக விளங்கியது நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோதுதான். அதற்குள் ‘ஊசிதான் கொன்றது’ என்ற வாக்கியம் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்துவிட்டது. அந்த வாக்கியம் முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் கஷ்டம்.

நமக்கும் இது அந்நியமான கதை இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாட்டில் ஊசி போடும் வேலை கிராமத் துணை மையங்களிலிருந்து, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போகவேண்டும் என்றால் சிலர் போகமாட்டார்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், எல்லா ஊசிகளும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 2005–06இல் 80.9 சதவீதம், 2015–16இல் 69.7 சதவீதம். இந்த இறக்கம் முழுவதையும் அந்த ஒரு மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் விபத்துக்குப் பிறகு எடுக்கும் முடிவு, விபத்தைவிட நீளமான நிழலை விழச்செய்யும் என்பதற்கு இதுவும் சாட்சி.

அப்புறம் வந்தவர்கள்

மருத்துவத் திகில் நாவல்களில் கெட்டவன் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுவான். கிருமியைக் குப்பியில் அடைத்து வைத்திருப்பான், அல்லது பொய்யைப் பரப்பி லாபம் பார்ப்பான். நாயகனான டாக்டர் கடைசியில் அவனைப் பிடித்தால் நோயும் அடங்கிவிடும். சமோவாவில் நடந்ததை அப்படி எழுத முடியாது. இங்கே தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் வந்து சேர்ந்தபோது வீடு ஏற்கெனவே திறந்து கிடந்தது.

2019 ஜூன் மாதம், சமோவாவின் சுதந்திர தின விழாவை ஒட்டி, அமெரிக்காவின் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் ஆப்பியாவுக்கு வந்தார். தடுப்பூசிகளைச் சந்தேகிக்கும் பிரசாரத்தில் அப்போதே உலக அளவில் பெயர் பெற்றவர். பிரதமரைச் சந்தித்தார், உள்ளூர் ஊசி எதிர்ப்பாளர்களோடும் படம் எடுத்துக்கொண்டார். தன் பயணத்துக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்பது பிற்பாடு அவர் சொன்ன விளக்கம். நோய் உச்சத்தில் இருந்த நவம்பரில், தடுப்பூசியே இந்தப் பரவலுக்குக் காரணமாக இருக்கலாம் என்ற தொனியில் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார்.

உள்ளூரில் ஃபேஸ்புக் இருந்தது. பப்பாளி இலைச் சாறும் வைட்டமின்களும் போதும் என்று ஒருவர் தொடர்ந்து எழுதினார். இன்னொருவர் காரத்தன்மை கொண்ட ‘மந்திர’ நீரைக் குழந்தைகளின் உடம்பில் தெளித்தே குணமாக்குவதாகச் சொன்னார், வரிசையில் தாய்மார்கள் நின்றார்கள். பப்பாளி இலை என்றதும் நமக்குச் சிரிப்பு வரலாம். டெங்கு காலத்தில் நம் தெருக்களில் பப்பாளி மரம் மொட்டையானதை மறந்துவிட்டுத்தான் சிரிக்க முடியும்.

வைட்டமின் ஏ விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் சிகிச்சை. குறிப்பாகக் கண்பார்வை போவதையும் சாவையும் அது குறைக்கும். ஆனால் அது நோய் வராமல் தடுக்காது, ஊசிக்கு மாற்றும் ஆகாது. நல்ல வதந்தி எப்போதும் இப்படித்தான், கொஞ்சம் உண்மையை மாவில் பிசைந்துதான் சுடப்படும்.

சரி, வதந்தி எத்தனை பேரைக் கொன்றது, பத்து மாத நிறுத்தம் எத்தனை பேரைக் கொன்றது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? எண்ணிக்கையாக முடியாது. ஆனால் வரிசையைப் பார்க்கலாம். 74இலிருந்து முப்பத்துச் சொச்சத்துக்கு விழுந்தது 2018இல். பிரபலமான பிரசாரகர் வந்து இறங்கியது 2019 ஜூனில். விழுந்ததை எழவிடாமல் பிடித்துவைத்ததில்தான் அவர்களுக்குப் பங்கு. தள்ளிவிட்டவர்கள் வேறு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்வது அரசுகளுக்கு வசதி, பத்திரிகைகளுக்கும் சுவாரசியம். அந்தப் பத்து மாத மௌனத்துக்கு அதில் பதில் கிடைக்காது.

ஆக்லாந்திலிருந்து ஒரு விமானம்

2019இல் நியூசிலாந்தில், முக்கியமாக ஆக்லாந்தில், தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அங்கே 2,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். உலகத்திலேயே சமோவா வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நகரங்களில் ஆக்லாந்து ஒன்று. கல்யாணம், சாவு, ரக்பி, சர்ச் விசேஷம் என்று ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள். நர்ஸுகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட அதே ஆகஸ்ட் மாதத்தில், கிருமியோடு ஒரு பயணி ஆக்லாந்திலிருந்து சமோவாவில் இறங்கினார்.

தட்டம்மை எப்படிப்பட்ட நோய் என்பதை நம் வீடுகளில் பெரியவர்கள் மறந்துகொண்டிருக்கிறார்கள். மணல்வாரி என்று பெயர் வைத்து, வேப்பிலை போட்டுப் படுக்கவைத்தால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் மனிதர்களிடையே தொற்றும் நோய்களில் இதைவிட வேகமானது கிட்டத்தட்ட இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும், அப்போது வெறும் சளி, காய்ச்சல், கண் சிவப்பு மட்டும்தான் தெரியும். சளிக்கென்று ஆஸ்பத்திரிக்கு வந்து காத்திருக்கும் குழந்தை, அந்தக் காத்திருப்பு அறையிலேயே பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டுப் போகும்.

கொல்வது பெரும்பாலும் நிமோனியா. பிழைத்தவர்களின் உடம்பிலும், மற்ற கிருமிகளை எதிர்த்து அதுவரை சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியை இந்த நோய் அழித்துவிடுகிறது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள், தற்செயலாக, 2019 அக்டோபர் கடைசியில்தான் வெளிவந்தன. ஆப்பியாவில் வார்டுகள் நிரம்பிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

பரவல் அக்டோபர் 16 அன்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அவசரநிலை அறிவிக்கப்பட்டது நவம்பர் 15 அன்று. இடையில் ஒரு மாதம். தட்டம்மைக்கு ஒரு தலைமுறை என்பது பத்துப் பன்னிரண்டு நாள். ஆகவே அந்த ஒரு மாதத்தில் அது மூன்று முறை பெருக்கிக்கொள்ளும். முன்பு பத்து மாதம் தாமதித்த அதே பழக்கம் இங்கேயும் தெரிகிறது.

நவம்பர் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன, 17 வயதுக்குட்பட்டவர்கள் பொதுக்கூட்டங்களுக்கு வரக்கூடாது என்றானது, ஊசி கட்டாயமானது. நவம்பர் 20 அன்று நாடு தழுவிய ஊசிப்பணி ஆரம்பம். ஊசி போட்டாலும் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்க இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கிருமி எங்கெல்லாமோ போய்விட்டிருந்தது. டிசம்பர் 2 அன்று சாவு எண்ணிக்கை 53. டிசம்பர் 5 அன்று 62. இறந்தவர்களில் பெரும்பாலோர் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தாயின் வயிற்றிலிருந்தே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கு வரும், ஆனால் தாய்க்கே இல்லையென்றால் கொடுக்க அவளிடம் என்ன இருக்கும்? தமையனும் தமக்கையும் ஊசி போட்டுக்கொண்டு சுற்றி நின்றிருந்தால் அந்தக் கைக்குழந்தைகளுக்குக் கிருமி போய்ச் சேர்ந்திருக்காது.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரெஞ்சு பாலினேசியா என்று பல இடங்களிலிருந்து மருத்துவக் குழுக்கள் வந்தன. ஹவாயின் அன்றைய துணை ஆளுநர் ஜோஷ் கிரீன், தொழிலால் டாக்டர், எழுபதுக்கு மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களோடு பறந்துவந்து ஊசி போட்டார். நியூசிலாந்திலிருந்து சின்னச் சின்னச் சவப்பெட்டிகளும் வந்தன. பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்த பெட்டிகள்.

இரண்டு நாள்

டிசம்பர் 5, 6 ஆகிய இரண்டு நாளும் நாடே மூடப்பட்டது. அரசு அலுவலகங்கள் இல்லை, கடைகள் இல்லை, தீவுகளுக்கிடையே படகு இல்லை. சாலையில் வண்டி ஓட்டத் தடை. கிட்டத்தட்ட எல்லா அரசு ஊழியர்களும் ஊசிப்பணிக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டில் ஊசி போடாதவர் ஒருவர் இருந்தாலும் வாசலில் சிவப்புத் துணியோ கொடியோ கட்டுங்கள், நாங்கள் வருகிறோம் என்றது அரசு.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நம் ஊர் வாசல்களில் செருகும் வேப்பிலைதான். ‘இங்கே அம்மை வார்த்திருக்கிறது, விலகிப் போ’ என்று தெருவுக்குச் சொல்வது அது. சமோவாவின் சிவப்புத் துணி அதற்கு நேர் எதிர்: ‘இங்கே இன்னும் ஊசி வரவில்லை, சீக்கிரம் வா.’ ஓலைக் கூரை வீடுகளிலும் காங்கிரீட் வீடுகளிலும், வேலியிலும் மரக்கிளையிலும், துணி கிடைக்காத இடத்தில் சட்டையையும் துண்டையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சில மாதம் முன்பு ஊசி என்றாலே கதவைச் சாத்திய அதே மக்கள்.

பயம்தான் மாற்றியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஏப்ரலில் ஊசி மையம் தாய்மார்களுக்காகக் காத்திருந்தது. டிசம்பரில் நர்ஸ் வாசலுக்கு வந்தார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தார்கள், ஒரே செய்தியை எல்லோரும் சொன்னார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் போட்டுக்கொள்வது கண்ணுக்குத் தெரிந்தது. 2018 ஆகஸ்டிலேயே, ஒரு கொடியும் ஊரடங்கும் இல்லாமல், இதில் பாதியைச் செய்திருக்கலாம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அவசரநிலை நீக்கப்பட்டபோது ஊசி போட்டவர்கள் 95 சதவீதத்தை நெருங்கியிருந்தார்கள். மொத்தக் கணக்கு: 5,700க்கு மேற்பட்டோருக்கு நோய், 83 பேர் சாவு. எண்பத்து மூன்று என்பது சின்ன எண் போலத் தெரியலாம். 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், மூன்று மாதத்தில் ஏறக்குறைய 30,000 சாவு, அதிலும் பெரும்பாலும் குழந்தைகள்.

அதே கடல், அதே கிருமி

ஒப்பிட்டுப் பார்க்க அண்டை நாடுகள் இருப்பது இந்த நிகழ்வின் விசேஷம். அதே ஆண்டு அக்டோபரில் நியூசிலாந்து போய்த் திரும்பிய பள்ளிப் பையன்களின் ரக்பி அணி வழியாகத் தட்டம்மை டோங்காவுக்கு வந்தது. அங்கே 600 பேருக்கு மேல் நோய். சாவு ஒன்றுகூட இல்லை. ஃபிஜியிலும் சில பேருக்கு வந்தது, சாவு இல்லை. பக்கத்தில் அமெரிக்காவின் வசமுள்ள தனித் தீவுகளான அமெரிக்க சமோவாவிலும் அப்படியே. டோங்காவில் குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் ஊசி போட்டிருந்ததால் நோய் பெரும்பாலும் பதின்வயதினரைத்தான் தொட்டது, அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கைக்குழந்தைகள் வரை அது பெரிதாக இறங்கவில்லை.

இந்தக் கடலில் தட்டம்மை புதிதும் இல்லை. 1875இல் ஃபிஜியின் மன்னர் தக்கொம்பாவும் அவருடன் சென்றவர்களும் சிட்னியிலிருந்து பிரிட்டிஷ் கப்பலில் திரும்பியபோது கூடவே இறங்கிய தட்டம்மை, சுமார் 40,000 பேரைக் கொன்றது. நாட்டு மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். சமோவாவுக்கு இன்னும் ஆறாத காயம் 1918. அந்த நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல், விஷக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா) கண்டவர்களோடு ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. அப்போது சமோவாவை ஆண்ட நியூசிலாந்து நிர்வாகம் கப்பலைத் தனிமைப்படுத்தவில்லை. சில வாரங்களில் நாட்டின் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்கள். பக்கத்தில், அமெரிக்கர்கள் வசமிருந்த தீவுகளில் ஆளுநர் ஜான் போயர் கடலையே அடைத்துவைத்தார், அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கு வந்து, தங்கள் ஆட்சிக்கால நடவடிக்கைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். வெளியிலிருந்து வந்து ஊசியை நீட்டுகிறவர்கள்மேல் சமோவாவுக்குச் சந்தேகம் எழுந்தால், அதற்கு ஒரு நூற்றாண்டு வயது உண்டு.

மிச்சம்

டிசம்பர் 5 அன்று, ஊசிக்குழுக்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோதே, பப்பாளி இலைப் பிரசாரகர் அரசு உத்தரவுக்கு எதிராகத் தூண்டியதாகக் கைது செய்யப்பட்டார். வழக்கு பிறகு நிற்கவில்லை. பள்ளியில் சேரத் தடுப்பூசி அட்டை கட்டாயம் என்று சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் கொரோனா ஊசிக்காக சமோவா மறுபடியும் இரண்டு நாள் நாட்டை மூடி வீடு வீடாகப் போனது, இந்த முறை நோய் வருவதற்கு முன்பே.

கென்னடி 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் சுகாதார அமைச்சர் ஆனார். அதற்கான விசாரணையில் செனட் உறுப்பினர்கள் சமோவாவைப் பற்றிக் கேட்டார்கள். இறந்தவர்களின் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் தட்டம்மை இல்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். சமோவா சுகாதாரத் துறையின் தலைமை இயக்குநர் அலெக் எகெரோமா, அது அப்பட்டமான கட்டுக்கதை என்று மறுத்தார்.

பரவல் நடக்கிறது என்று ஆய்வகம் ஒருமுறை உறுதிசெய்துவிட்டால், அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு குழந்தையின் ரத்தத்தையும் கடல் கடந்து அனுப்பிக் காத்திருக்கும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. காய்ச்சல், சிவந்த கண், முகத்தில் ஆரம்பித்து உடம்புக்கு இறங்கும் தடிப்பு, வாயைத் திறந்தால் கன்னத்தின் உள்பக்கம் உப்புப் பரல் போல வெள்ளைப் புள்ளிகள். அந்த டிசம்பரில் ஆப்பியா ஆஸ்பத்திரியில் ஒரு டார்ச் விளக்கே போதுமானதாக இருந்தது.